வீட்டுக்குரிய வாக்கியம்

(சிம்பாங் ரெங்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தலைவர்களின் சொல்வன்மையைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் நான் நழுவியிருப்பேன். அதற்கு நம்மிடையே ஆள் பஞ்சமில்லை. மேடையை விட்டுவிட்டு, எதிரே நின்று கேட்டவர்களைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். ஏற்பாட்டாளர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். ஆகவே இன்று நான் சொல்லப்போவது பேசியவர்களின் கதையல்ல, உங்கள் கதை.

2020 மார்ச் 27, வெள்ளிக்கிழமை. ஜொகூரில் அப்போது வெள்ளிதான் வார விடுமுறை. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பத்து நாள் ஆகியிருந்ததால் எல்லா நாளுமே விடுமுறை மாதிரிதான் இருந்தது, அது வேறு விஷயம். அன்று பிரதமர் தான் ஸ்ரீ முகிதீன் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி, 'பிரிஹாத்தின்' என்ற பெயரில் 25,000 கோடி வெள்ளிக்கு உதவித் திட்டத்தை அறிவித்தார். நாடு முழுக்க அதைக் கேட்டது. ஆனால் நம் ஊர் கேட்ட நிலைமை நாட்டில் வேறெந்த ஊருக்கும் இல்லை. ஏனென்றால் அன்று நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே கம்போங் டத்தோ இப்ராஹிம் மஜிட், பண்டார் பாரு டத்தோ இப்ராஹிம் மஜிட் இரண்டையும் அடைத்துவிட்டார்கள். 61 பேருக்குக் கோவிட் தொற்று. சுமார் 650 வீடுகள், 3,570 பேர். கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை என்ற ஒன்று மலேசியாவில் முதன்முதலாகப் போடப்பட்டது அங்கேதான். முதலில் ஏப்ரல் 9 வரை என்றார்கள். உள்ளே இருப்பவர் வாசலைத் தாண்டக்கூடாது, வெளியே இருப்பவர் நுழையக்கூடாது, கடை கிடையாது. சாப்பாட்டுப் பொருள்களை அதிகாரிகளே கொண்டுவந்து கொடுப்பார்கள். சாலைகளில் போலீஸ், இராணுவம், ரேலா.

ஆக, பிரதமர் பேசும்போது இந்த ஊரில் இரண்டு வகைக் கேட்போர் இருந்தார்கள். தடுப்புக்கு உள்ளே இருந்தவர்கள், வெளியே இருந்தவர்கள். இப்படித்தான் நானும் முதலில் நினைத்தேன். பிறகு மெல்ல மெல்ல ஆட்களைக் கேட்டுப் பார்த்தபோது இரண்டு போதவில்லை. ஒரே தாமானில், ஒரே வரிசையில், சுவரை ஒட்டிய நான்கு வீடுகள் நான்கு விதமாகக் கேட்டிருக்கின்றன.

ஓர் ஆசிரியை. அரசாங்கச் சம்பளம் 25-ஆம் தேதி வாக்கில் ஏறிவிடும். அவர் பேச்சைக் கேட்டுக் கண் கலங்கியதாகச் சொன்னார். பொய்யில்லை. பிரதமரின் குரலில் ஒரு தணிவு இருந்தது. மருத்துவமனைத் தாதியருக்கு மாதாந்தரச் சிறப்புப் படியை 600 வெள்ளியாக உயர்த்தினார். பீசாங் கோரேங் விற்கும் மாக்சிக் கியா என்று ஒரு கற்பனைப் பெண்ணைச் சொல்லி, அவர் வீட்டுக்கு எந்தெந்தத் திட்டத்தில் எவ்வளவு வரும் என்று கூட்டிக் காட்டினார். வரவு செலவுத் திட்ட உரை கேட்டுக் கொட்டாவி விட்டுப் பழகிய நமக்கு, ஒரு பிரதமர் ஒட்டுக்கடைக்காரம்மாவின் கணக்கைப் போட்டுக் காட்டியது புதிது. மறுநாளே மாக்சிக் கியா நாடெங்கும் கேலிச் சித்திரமாகவும், சிலருக்குக் குலதெய்வமாகவும் ஆகிப்போனார்.

பக்கத்து வீட்டில் ஒரு லோரி. சொந்த லோரி, கடனில் வாங்கியது. செம்பனைத் தோட்டங்களுக்கு வேலை அனுமதி இருந்தது, ஆனால் அவர் ஏற்றுவது செம்பனைக் குலை அல்ல, கட்டுமானச் சாமான். அந்த வேலை நின்று போயிருந்தது. "அண்ணே, பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. நான் ஒண்ணே ஒண்ணுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அவர் காத்திருந்தது லோரித் தவணைக்கு. ஏப்ரல் 1 முதல் ஆறு மாதத்துக்குத் தவணை கட்ட வேண்டாம் என்பதை பேங்க் நெகாரா இரண்டு நாள் முன்பே, மார்ச் 25-இல் அறிவித்துவிட்டது. அது தம் லோரிக்கும் பொருந்துமா என்பதைப் பிரதமர் வாயால் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஒரு வரிக்காக மொத்தப் பேச்சையும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். மாக்சிக் கியா அவர் காதில் விழவே இல்லை. யாரைக் கேட்டாலும் 'அதான் சொல்லிட்டாங்களே' என்றார்களாம். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பிற்பாடு வாகனக் கடன் வட்டி பற்றி நாடே குழம்பியபோது, 'பாத்தீங்களா' என்று அவர் கேட்டதில் ஒரு வெற்றிக் களிப்பே இருந்தது.

மூன்றாவது வீட்டில் சம்பளம் மாதத்துக்கு 1,100 வெள்ளி. இந்தத் தொகைக்கு ஒரு விளக்கம் வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 56 நகராண்மைப் பகுதிகளில் 1,200 வெள்ளியாக உயர்ந்தது. நம்முடையது மாவட்ட மன்றம், நகராண்மைக் கழகம் அல்ல. அதனால் அப்போது நமக்கு 1,100-தான். இப்போது பிரதமர் சொன்னதைப் பாருங்கள். 4,000 வெள்ளிக்குக் கீழே வருமானமுள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி, ஏப்ரலில் ஆயிரம், மே மாதம் அறுநூறு. ஒன்றரை மாதச் சம்பளம் ஒரு வாக்கியத்தில் வந்து விழுகிறது. அந்த வீட்டம்மா, "அவரு எந்தக் கட்சியோ என்னமோ, நல்லாயிருக்கட்டும்" என்றார். இதைக் கேட்டு அரசியல் தெரியாத பேச்சு என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரிசி, மீன் டின், பிள்ளையின் பால் மாவு மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவரின் பேச்சு அது.

நான்காவது வீட்டில் ஒரு பாட்டி. வயது எண்பதை நெருங்குகிறது. தோட்டத்தில் பால் வெட்டியவர், பிறகு களையெடுத்தவர். கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இங்கேயே வாழ்ந்து, இங்கேயே புருஷனைப் புதைத்து, நிரந்தரவாசியாகவே நின்றுவிட்ட தலைமுறை. பேரன் மலாயில் கேட்டு அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். அந்த உதவித் தொகை குடிமக்களுக்கு. பாட்டி கேட்டது ஒரே கேள்வி: "நம்ம அட்டைக்கு உண்டாமா?" பேரன் பதில் சொல்லாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். பாட்டி எழுந்து சமையல் கட்டுக்குப் போய்விட்டார். ஆட்சியைத் திட்டவில்லை, சாபம் விடவில்லை. இதை எந்தக் கருத்துக் கணிப்பில் எழுதுவீர்கள்? ஆதரவு என்றா, எதிர்ப்பு என்றா, கருத்து இல்லை என்றா?

நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான். சாதாரண மனிதர்கள் ஒரு தலைவரின் பேச்சை முழுதாகக் கேட்பதில்லை. அதில் தம் வீட்டுக்குரிய வாக்கியம் எங்கே என்று தேடுகிறார்கள். கிடைத்தால் ஒரு மாதிரி, கிடைக்காவிட்டால் இன்னொரு மாதிரி. கட்சியும் இனமும் அதற்குப் பிறகு வந்து சேர்ந்துகொள்ளும் காரணங்கள். நம் ஆய்வாளர்கள் இதைத் தலைகீழாக எழுதுகிறார்கள். மலாய்க்காரர் இப்படி, சீனர் இப்படி, இந்தியர் இப்படி என்று மூன்று பெட்டி போட்டுப் பேச்சைப் பிரித்துப் போடுகிறார்கள். அந்த நான்கு வீடுகளும் தமிழ் வீடுகள். இந்தியர் பெட்டியில் நாலும் ஒன்றாகத்தான் விழும்.

பதினோரு நாள் பின்னோக்கிப் போகிறேன். மார்ச் 16, திங்கள் இரவு. 18-ஆம் தேதி தொடங்கி நடமாட்டக் கட்டுப்பாடு என்று பிரதமர் அறிவித்த பேச்சு. முந்தின நாள் மட்டும் 190 பேருக்குத் தொற்று கண்டிருந்தது. பள்ளிகள் மூடல், கூட்டங்களுக்குத் தடை, அத்தியாவசியச் சேவை தவிர மற்ற இடங்கள் மூடல். அதோடு ஒரு வரி: மலேசியர் யாரும் வெளிநாடு செல்லக்கூடாது. பெர்லிசில் இருப்பவருக்கு அந்த வரி உல்லாசப் பயணம் பற்றியது. ஜொகூரில் இருப்பவருக்கு அது நாளை மறுநாள் காலை வேலையைப் பற்றியது. பாலத்தைத் தாண்டி நாள்தோறும் போய்வருவோர் மட்டும் மூன்று லட்சம் என்று அப்போது சொன்னார்கள். நம் ஊரிலிருந்து தினமும் போவோர் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இரவு போய் வாரக் கடைசியில் திரும்புவோர் நிறைய.

அவர்களுக்குக் கிடைத்தது ஒரு முழு நாள், 17-ஆம் தேதி. அந்த ஒரு நாளில் வேலையா வீடா என்று முடிவு செய்ய வேண்டும். பையில் நாலு சட்டையை அடைத்துக்கொண்டு கிளம்பியவர்கள் உண்டு. 'இரண்டு வாரம்தானே' என்பது அன்றைய கணக்கு. உட்லண்ட்சுக்கு அப்பால் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தின் அருகே சிலர் இரவில் படுத்திருந்த படங்கள் பத்திரிகையில் வந்தன. சிங்கப்பூர் அரசு முதலாளிமாருக்கு ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 சிங்கப்பூர் வெள்ளி வீதம் இரண்டு வாரத்துக்குத் தங்கும் செலவு கொடுத்தது. போனவர்கள் அங்கே இன்னொரு பிரதமரின் பேச்சையும் கேட்டார்கள். ஏப்ரல் 3-இல் திரு லீ சியன் லூங் தம் நாட்டுக் கட்டுப்பாட்டை அறிவித்தார். 'இந்தப் பிரதமரும் என்னைப் பற்றிப் பேசவில்லை, அந்தப் பிரதமரும் என்னைப் பற்றிப் பேசவில்லை' என்று அப்படிப் போன ஒருவர் என்னிடம் சொன்னார். இங்கே தனியாக இருந்து பேச்சைக் கேட்ட அவர் மனைவிக்குக் கோபம் வந்ததாம், அவருக்கு அங்கே சிரிப்பு வந்ததாம். தரைவழி எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி. இரண்டு வாரம் என்று எடுத்துப்போன அந்த நாலு சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 27 பேச்சு வந்த அதே வாரத்தில் இந்தியாவிலும் ஒரு பேச்சு. மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் மோடி பேசினார், நள்ளிரவிலிருந்து 21 நாள் நாடடங்கு. நான்கு மணி நேர அவகாசம். கூலி வேலைக்குப் பெருநகரம் வந்தவர்கள் அந்தப் பேச்சுக்குத் தந்த பதில், ஊரை நோக்கி நடக்கத் தொடங்கியது. கைதட்டலையும் விமர்சனத்தையும் மட்டும் எதிர்வினை என்று எண்ணிக்கொண்டிருந்தால் அந்த நடையை எதில் சேர்ப்பது?

மீண்டும் மார்ச் 27-க்கு வருகிறேன். அந்தப் பேச்சில் ஒரு பகுதி நம் தொகுதிக்காகவே எழுதியது போல இருந்தது. இது நீங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசாங்கமாக இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் இந்த அரசாங்கம் உங்கள் மேல் அக்கறை கொண்டது என்ற பொருள்படப் பிரதமர் சொன்னார். அவர் பதவியேற்றது மார்ச் 1. பிப்ரவரி 24-இல் துன் மகாதீர் பதவி விலகியதும், அடுத்த ஒரு வாரம் நாட்டில் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். தலைவர் ஒருவர் தம் ஆட்சியின் பலவீனத்தைத் தாமே எடுத்து மேசைமேல் வைத்தது அரிய காரியம். அதற்கு நான் மதிப்பெண் போடுவேன்.

ஆனால் சிம்பாங் ரெங்கம் வாக்காளர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? 2004 முதல் கெராக்கான் கையில் இருந்த தொகுதி இது. 2018-இல் டாக்டர் மஸ்லீ மாலிக் வென்றார். அவர் கட்சி பெர்சத்து. சின்னம் கெஅடிலானுடையது, ஏனென்றால் அந்தத் தேர்தலில் தீபகற்பம் முழுவதும் பக்காத்தான் கட்சிகள் அந்த ஒரே சின்னத்தில்தான் நின்றன. வென்றவர் கல்வி அமைச்சரானார், 2020 ஜனவரி தொடக்கத்தில் பதவி விலகினார். மார்ச்சில் பார்த்தால், பிரதமர் பெர்சத்துவின் தலைவர், நம் நாடாளுமன்ற உறுப்பினரும் பெர்சத்துதான், ஆனால் அவர் இந்த அரசாங்கத்தோடு இல்லை. மே 28-இல் துன் மகாதீரோடு சேர்த்து அவரையும் கட்சியிலிருந்து நீக்கினார்கள். அப்படியானால் 'நீங்கள் வாக்களிக்காத அரசாங்கம்' என்றால் நாம் அதில் சேர்த்தியா இல்லையா? கட்சியைப் பார்த்துப் போட்டவருக்கு அவர் போட்ட ஓட்டுதான் ஆட்சியில் இருந்தது. ஆளைப் பார்த்துப் போட்டவருக்கு இல்லை. சின்னத்தைப் பார்த்துப் போட்டவருக்கோ மூன்றாவது பதில். ஒரே வாக்குச் சாவடியில் ஒரே சின்னத்துக்குக் கோடு போட்ட மூன்று பேர் அந்த வாக்கியத்தை மூன்று விதமாகக் கேட்டார்கள். யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை, மூவருமே சரி.

முகிதீன் ஜொகூர்க்காரர். 1986 முதல் 1995 வரை நம் மந்திரி புசார். அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு 'நம்ம மந்திரி புசார்' என்ற உறவு விட்டுப்போகவில்லை. இன்னொரு பக்கம், முதலில் நான் மலாய்க்காரன் என்று 2010-இல் அவர் சொன்னதை மறக்காத நடுவயதுக்காரர்கள். மலாய்க்காரராக இருப்பது மலேசியராக இருப்பதற்குத் தடையல்ல என்றும் அவர் கூடவே சொன்னார். அந்தப் பின்பாதி யார் நினைவிலும் தங்கவில்லை. அதனால் அவர் 2020-இல் தணிந்த குரலில் அக்கறை என்று சொன்னபோது, அந்த அறையில் 2010-ம் வந்து உட்கார்ந்துகொண்டது. கை கழுவுங்கள் என்று எல்லாரும் சொன்னபோதும் இந்த ஊர் அப்படிப் பழைய நினைவோடுதான் கேட்டது. குப்பைமேட்டுக் கசிவு ஆற்றில் கலந்து, அமோனியா ஏறி, நீர் சுத்திகரிப்பு நிலையம் மீண்டும் மீண்டும் நின்று, வாளியோடு தண்ணீர் லோரிக்கு ஓடியவர்கள் நாம். 2019 வரை அந்தப் பாடு. 'கழுவலாம், தண்ணி வரட்டும்' என்று ஓர் ஒட்டுக்கடையில் எழுந்த சிரிப்புக்கு மற்ற ஊரில் அர்த்தம் இருந்திருக்காது.

இந்த ஊர் கேட்ட இன்னொரு பேச்சைச் சொல்லாமல் நகர முடியாது. 2011 செப்டம்பர் 15, மலேசிய தினத்துக்கு முந்தின இரவு. அப்போதைய பிரதமர் டத்தோ ஸ்ரீ நஜிப் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை (ஐஎஸ்ஏ) ரத்து செய்யப்போவதாகவும், அவசரகாலப் பிரகடனங்களை நீக்கப்போவதாகவும் அறிவித்தார். கோலாலம்பூரில் அதைப் பற்றிய பேச்செல்லாம் ஐஎஸ்ஏ பற்றியே இருந்தது. கைதான அரசியல்வாதிகள், வழக்கறிஞர்கள், கமுந்திங் தடுப்பு முகாம். ஆனால் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கமுந்திங் தொலைவு. அவர்கள் அறிந்தது சிம்பாங் ரெங்கம். 1969 கலவரத்தை ஒட்டி வந்த அவசரகாலச் சட்டத்தில் பிடித்து, வழக்கு விசாரணை எதுவும் இல்லாமல் இரண்டு ஆண்டு உத்தரவு போட்டு, முடிந்ததும் மறுபடி நீட்டி வைத்த தடுப்பு முகாம் இங்கேதான். வடக்கே எங்கோ ஒரு தோட்டத்தில் 'பையனை சிம்பாங் ரெங்கத்துக்கு அனுப்பிட்டாங்க' என்று ஒரு தாய் சொன்னால் அடுத்த கேள்வி யாரும் கேட்க மாட்டார்கள். நம் ஊரின் பெயர் அப்படித்தான் பல வீடுகளுக்குள் நுழைந்தது.

வருகை நாளில் பஸ் பிடித்து வந்து இறங்கும் அந்தத் தாய்மாரை இங்கே கடை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். கையில் ஒரு நெகிழிப் பை, அதில் உள்ளே அனுமதிப்பார்களோ மாட்டார்களோ என்று தெரியாமலே செய்து எடுத்துவந்த ஏதாவது ஒரு பலகாரம். முகாமுக்கு எப்படிப் போவது என்று தமிழ் முகமாகப் பார்த்து விசாரிப்பார்கள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். திரும்பி வரும்போது பலகாரப் பை பல சமயம் அப்படியே இருக்கும். கடைக்காரர் டீ காசு வாங்க மாட்டார்.

நஜிப்பின் பேச்சில் அந்தத் தாய்மாருக்குரிய வாக்கியம் ஐஎஸ்ஏ அல்ல, அவசரகாலப் பிரகடனம் பற்றி வந்த சிறு பகுதி. பத்திரிகைகள் தலைப்பில் போடாத பகுதி. மகன் வருவான் என்று அவர்களுக்குப் புரிய வாரக்கணக்கில் ஆனது. நாடாளுமன்றம் அந்த ஆண்டு இறுதியில் பிரகடனங்களை நீக்கியது, 2012-இல் அந்தச் சட்டம் செயலிழந்தது, முகாமில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள்.

இதே ஊரில், இதே பேச்சைக் கேட்ட சில கடைக்காரர்கள் இரும்புக் கதவுக்குப் பூட்டு மாற்றினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும், கொள்ளை போனவர்களும், மிரட்டிக் காசு பிடுங்கப்பட்டவர்களும் நம் சமூகத்திலேயே இருந்தார்கள். முகாமுக்குள் இருந்தவர்களில் நம் இளைஞர்கள் நிறைய என்றால், அவர்களால் பாதிக்கப்பட்டவர்களிலும் நம்மவர்கள் நிறைய. 2013-இல் துப்பாக்கிச் சூடுகள் தொடர்ந்தபோது காவல்துறையும் அமைச்சர்களும் விடுதலையானவர்களைக் கைகாட்டினார்கள், குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதிகாரத்தை வேறு வழியில் கொண்டுவந்தார்கள். 'அன்னைக்கே சொன்னேன்ல' என்றார் பூட்டு மாற்றியவர். எனக்குத் தனிப்பட்ட முறையில் விசாரணையில்லாத் தடுப்புக் காவல் ஒப்புதல் இல்லை, அதை எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் பூட்டு மாற்றியவரைப் பார்த்து மனித உரிமை தெரியாதவர் என்று சொல்ல என்னால் முடியாது. அவரும் தன் வீட்டுக்குரிய வாக்கியத்தைத்தான் அந்தப் பேச்சில் கேட்டார்.

மூத்தோர் சிலர் வந்திருப்பதால் ஒரு பழைய பேச்சையும் தொட்டுவிட்டுப் போகிறேன். 1943 ஜூலை 9, சிங்கப்பூர் பாடாங் திடல். சுபாஷ் சந்திர போஸ் மூன்று லட்சம் வீரர்கள் வேண்டும், மூன்று கோடி வெள்ளி வேண்டும், பெண்கள் படை ஒன்றும் வேண்டும் என்றார். மழையிலும் கூட்டம் கலையவில்லை. பிறகு கோலாலம்பூரில் அவர் பேச்சைக் கேட்ட ஜானகி தேவர் என்ற இளம்பெண் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து, ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர். இது நம் பாடப் புத்தகத்துக்குரிய எதிர்வினை, பெருமைக்குரியதும்கூட.

ஆனால் அது எந்த ஆண்டு என்று பாருங்கள். சயாம் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் ஜப்பானியர் பிடித்துக்கொண்டுபோன அதே ஆண்டு. அக்டோபரில்தான் பாதை வேலை முடிந்தது. ரயில் பாதைக்குப் பிடித்துப்போவதைவிட துப்பாக்கி தூக்குவது மேல் என்று போஸின் படையில் சேர்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதை அந்தத் தலைமுறையே சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். தேசபக்தி அவர்களுக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. போஸ் முழங்கிய தில்லி என்ற சொல்லோடு சயாம் என்ற சொல்லும் அவர்கள் காதில் ஒலித்தது என்கிறேன். சிங்கப்பூர்ச் செட்டியார் கோயிலில் போஸை அழைத்தபோது, எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் உள்ளே வரலாம் என்றால் வருகிறேன் என்றார் அவர். கோயிலார் ஒப்புக்கொண்டார்கள், முஸ்லிம் அதிகாரிகளோடு உள்ளே போனார். கேட்பவரும் பேசுபவரும் பேரம் பேசிக்கொள்வது அன்றே நடந்திருக்கிறது.

அந்தப் பேரம் 2020-லும் நடந்தது. மார்ச் 27 பேச்சில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று சிறு தொழில் செய்வோர் கேட்டார்கள். ஆளுக்கு 600 வெள்ளி சம்பள உதவி வந்தால் மட்டும் கடை நிற்குமா என்றார்கள். ஏப்ரல் 6-ஆம் தேதி, பத்தே நாளில், பிரதமர் திரும்ப வந்து சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு 1,000 கோடி வெள்ளிக்குக் கூடுதல் திட்டம் அறிவித்தார். சம்பள உதவி நிறுவனத்தின் அளவுக்கு ஏற்ப 1,200 வெள்ளி வரை உயர்ந்தது. அவர்களுக்குச் சங்கங்கள் இருந்தன, பத்திரிகை இருந்தது, அதனால் குரல் போய்ச் சேர்ந்தது. சிவப்பு அட்டைப் பாட்டிக்குச் சங்கம் எதுவும் கிடையாது. நம் இயக்கங்களைப் பற்றி நான் ஒரு குறை சொல்வதென்றால் இதுதான்: தலைவர் நம் மொழியில் 'வணக்கம்' சொன்னாரா இல்லையா என்று பார்ப்பதில் காட்டிய அக்கறையில் பாதியை, அவர் அறிவிப்பில் யார் விட்டுப்போனார்கள் என்று பார்ப்பதில் காட்டியிருக்கலாம்.

முகிதீனைச் சிலர் 'அபா' என்று தந்தையாகவே அழைத்தார்கள். ஓராண்டு கழித்து அதே சொல்லைக் கிண்டலாகச் சொன்னவர்களிலும் அவர்களில் சிலர் இருந்தார்கள். 2021 ஜூன் மாத இறுதியில் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டும் இயக்கம் தொடங்கியது, அரிசி இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுவோர் ஒரு துணியைத் தொங்கவிட்டால் போதும். ஜூன் 28-இல் 15,000 கோடி வெள்ளிக்கு இன்னொரு திட்டத்தை அறிவித்த பேச்சும் வந்தது. அதைக் கேட்டு யாரும் கண் கலங்கியதாக எனக்கு நினைவில்லை. ஆகஸ்ட் 16-இல் அவர் பதவி விலகினார். 2022 நவம்பரில் நம் தொகுதி மஸ்லீயை விட்டுவிட்டு அம்னோவின் டத்தோ ஹஸ்னி முகமட்டைத் தேர்ந்தெடுத்தது. இதை வைத்து, 2020-இல் மக்கள் இப்படி நினைத்தார்கள் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். அது வேறு நாள், வேறு கேள்வி.

அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டிக்குப் பரிசு கொடுக்கிறீர்கள். அடுத்த ஆண்டு தலைப்புக் கொடுத்து எழுதச் சொல்வதற்குப் பதில், நம் தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி மாணவர்களை வீடு வீடாக அனுப்பி, 2020 மார்ச்சில் அந்தப் பேச்சைக் கேட்ட கதையைப் பெரியவர்களிடமிருந்து ஒலிப்பதிவு செய்யச் சொல்லுங்கள். தமிழ் வீடுகள் மட்டும் வேண்டாம், கம்போங் டத்தோ இப்ராஹிம் மஜிட்டுக்கும் போகட்டும், உள்ளே இருந்து கேட்டவர்கள் அவர்கள்தானே. பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். பேச்சு பிடித்திருந்ததா என்று கேட்க வேண்டாம். அன்று வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே மாட்டிக்கொண்டிருந்தார்கள், கையில் எவ்வளவு காசு இருந்தது, அது எத்தனை நாளைக்கு வரும் என்று நினைத்தீர்கள் என்று கேட்கட்டும். முதல் ஒலிப்பதிவுக் கருவிக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.